ஈரம் ஆறாத தானியம்

1974-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டக் கிராமங்களில் ஒரு காமாலை பரவியது. கண் மஞ்சளித்து, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு படுத்தவர்கள் சுமார் 400 பேர். அவர்களில் நூறு பேருக்கு மேல் பிழைக்கவில்லை. காமாலை என்றால் குடிதண்ணீரைச் சந்தேகிப்பதுதான் வழக்கம். ஆனால் இந்தக் காமாலையில் ஒரு விசித்திரம் இருந்தது: அதே வீட்டு நாய்களும் வயிறு ஊதிச் செத்தன. மனிதர்களிடம் தொற்றும் காமாலைக் கிருமி நாயைப் பிடிப்பதில்லை. வீட்டுக்காரருக்கும் நாய்க்கும் பொதுவாக இருந்தது மக்காச்சோள ரொட்டி.

அந்த வருடம் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை பெய்திருந்தது. நனைந்த கதிர்கள் சரியாகக் காயாமலே வீட்டுக்குள் போயின. பெரும்பாலும் பழங்குடி மக்கள். மக்காச்சோளத்தைவிட்டால் வேறு உணவு இல்லாதவர்கள். பூசணம் பூத்தது கண்ணுக்குத் தெரிந்தும் அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அந்தத் தானியத்தைச் சோதித்தபோது ஒரு கிலோவில் 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. இந்தியாவில் இன்று தானியத்துக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது, அம்மக்கள் வரம்பைப்போல் 400 முதல் 1,000 மடங்கு வரை நஞ்சுள்ள மக்காச்சோளத்தை வாரக்கணக்கில் உண்டிருந்தார்கள்.

அஃப்ளாடாக்சின் என்ற பெயருக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகவில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த, பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அதன் பெயரைச் சுருக்கி நஞ்சுக்குச் சூட்டினார்கள். புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவை பி1, பி2. பச்சையாக ஒளிர்ந்தவை ஜி1, ஜி2. இந்த நான்கில் கொடியது பி1.

இந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்து தொற்றுவதில்லை. மண்ணில், காய்ந்த தட்டையில், களத்துத் தூசியில், காற்றில் அதன் வித்துகள் எப்போதும் உண்டு. தானியம் அறுவடையாகும்போதே அவற்றைச் சுமந்துதான் வருகிறது. எனவே வித்தே இல்லாத தானியம் என்பது நடவாத காரியம். வித்து முளைக்க இடம் கொடுக்காமல் இருப்பதொன்றே நம் கையில் இருக்கிறது.

முளைத்துவிட்டால் என்ன ஆகும்? பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது இங்கேதான். வெயிலில் போட்டு, பூசணத்தைத் தட்டி, கழுவி, நன்றாக வேகவைத்துவிட்டால் கெடுதல் போய்விடும் என்ற நம்பிக்கை வீடுகளில் பரவலாக உண்டு. வெயிலும் சூடும் பூஞ்சையைக் கொல்லும், உண்மை. ஆனால் அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு உயிரற்ற வேதிப்பொருள். அதற்குச் சாவு கிடையாது. அஃப்ளாடாக்சின் சிதைவதற்குச் சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். சோறு வேகும் பானை நூறு டிகிரியைத் தாண்டுவதில்லை. கடலையை வறுத்தால் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூசணத்தின் வாடை போய், தானியம் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் நஞ்சு உள்ளே இருக்கலாம்.

பான்ஸ்வாடாவில் நடந்ததுபோல் கூட்டமாகச் சாவது அரிது. கென்யாவில் 2004-இல் அப்படி ஒன்று நடந்தது: 317 பேருக்குப் பாதிப்பு, 125 சாவு. வறட்சியின் நடுவே எதிர்பாராத மழை. ஈரமான மக்காச்சோளத்தை வீட்டுக்குள்ளேயே குவித்துவைத்திருந்த குடும்பங்களில்தான் நோய் அதிகம் கண்டது. அதிகம் பேரைத் தொடும் கெடுதல் இப்படிச் செய்தியாக வருவதில்லை. சிறு அளவில், வருடக்கணக்கில், சாப்பாட்டோடு சேர்ந்து உடலுக்குள் போவது அது.

கல்லீரல் தனக்குள் வரும் அந்நியப் பொருள்களை மாற்றி வெளியே தள்ளும் உறுப்பு. அஃப்ளாடாக்சின் பி1 விஷயத்தில் இந்த மாற்றமே வினையாகிறது. கல்லீரலின் நொதிகள் அதை மேலும் வினைத்திறன் மிக்க ஒரு மூலக்கூறாக்கிவிடுகின்றன. அது மரபணு இழையில் ஒட்டிக்கொள்கிறது. செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53 என்னும் மரபணுவில், 249-ஆம் இடத்தில், ஒரே மாதிரியான சிதைவு திரும்பத் திரும்ப ஏற்படுவதைச் சீனாவின் சிடோங் பகுதி நோயாளிகளிடமும் தென் ஆப்பிரிக்கப் பகுதி நோயாளிகளிடமும் 1991-இல் இரு குழுக்கள் கண்டன. ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. ஷாங்காயில் நடந்த ஆய்வு ஒன்றில் அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு மூன்று மடங்கு சொச்சம். கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்கு. சிடோங்கில் 1980-களின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் பலன் தெரியவரும் காலத்துக்கு முன்பே அங்கே கல்லீரல் புற்றுநோய் குறையத் தொடங்கியது. மருந்தில்லாமல், தட்டில் இருந்த தானியம் மாறியதால் வந்த பலன்.

மக்காச்சோளத்தை அன்றாட உணவாகக் கொள்ளாத தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பால் குடிக்கிறோமே. மாடு தின்னும் பிண்ணாக்கிலும் தீவன மக்காச்சோளத்திலும் உள்ள பி1, அதன் உடலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. நூற்றில் ஓரிரு பங்கு, சில மாடுகளில் ஆறு பங்கு வரை. காய்ச்சினால் இதுவும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. பாலில் தண்ணீரும் யூரியாவும் கலப்பதாக ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்த ஆய்வில் கலப்படத்தைவிடப் பெரிய தலைவலியாக வெளிப்பட்டது எம்1. மொத்தத்தில் 5.7 விழுக்காடு மாதிரிகள் வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 தாண்டின. ஒரே ஒரு ஆறுதல், கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும். மழைக்காலத்தில் தொழுவத்து மூலையில் கட்டியாகிப்போன பிண்ணாக்கை, ‘மாட்டுக்குத்தானே’ என்று ஊறவைக்கும் பழக்கம் அந்த வீட்டுப் பிள்ளையின் தம்ளருக்கே திரும்புகிறது.

இனி ஈரத்துக்கு வருவோம். தானியத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீர் பூஞ்சைக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதே முக்கியம். மாவுப்பொருளும் புரதமும் கொஞ்சம் நீரைத் தங்களோடு இறுகப் பிடித்துவைத்திருக்கும். அதைப் பூஞ்சையால் உறிஞ்ச முடியாது. அதற்கு மேற்பட்ட நீர்தான் அதற்கு உணவு. காற்றுப் புகாத பாத்திரத்தில் தானியத்தை அடைத்து, உள்ளே காற்றின் ஈரப்பதம் எதில் நிலைகொள்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். 65 விழுக்காட்டில் நின்றால் எந்தப் பூஞ்சையும் பெரிதாகத் தலைகாட்டாது. 80-ஐத் தாண்டினால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளரும்; 85 வாக்கில் நஞ்சும் சுரக்கும். வெப்பம் 25 முதல் 35 டிகிரி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி அதுதான்.

நெல்லில் 14 விழுக்காடு ஈரம் என்றால் சில மாதங்கள் கவலையில்லை. மக்காச்சோளத்துக்கு 13. அதே 14 விழுக்காடு ஈரத்தோடு நிலக்கடலைப் பருப்பை மூட்டை கட்டினால் நிச்சயம் பூசணம் பிடிக்கும். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். எண்ணெய் நீரை ஏற்காது. ஆகவே இருக்கிற நீர் முழுவதும் மீதிப் பாதியில் அடர்ந்து நிற்கும். கடலைப் பருப்பு 7 அல்லது 8 விழுக்காட்டுக்குக் காய வேண்டும் என்பது இதனால்தான். குலுக்கினால் கடலைக்காய்க்குள் பருப்பு கடகடவென்று ஆடவேண்டும் என்று உழவர்கள் பார்ப்பதும் இதே சோதனைதான்.

காவிரி டெல்டாவில் இந்த எண்கள் எல்லாம் ஒவ்வோர் ஐப்பசியிலும் அரசியலாகின்றன. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகின்றன. முன்பு கையால் அறுத்து, அரி போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பதற்குள் இரண்டு மூன்று நாள் வெயில் கதிரிலேயே பட்டுவிடும். இன்று கதிர் அறுக்கும் இயந்திரம் ஒரு ஏக்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்து, 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. ஒரு வட்டாரத்தின் நெல் முழுவதும் ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. அறுவடையின் வேகம் பல மடங்கு கூடியது. உலர்த்தும் களத்தின் பரப்பு கூடவில்லை. ஆகவே நெடுஞ்சாலையின் ஒரு பாதி களமாகிறது.

நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈர வரம்பு 17 விழுக்காடு. மழை பிடித்தால் அதை 22 ஆக்கக் கோரிக்கை எழும்; மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போகும்; சில விழுக்காடு தளர்வு கிடைக்கும். உழவரின் நிலையில் நின்று பார்த்தால் கோரிக்கை நியாயமே. ஆனால் தளர்வு விலைச் சிக்கலைத்தான் தீர்க்கிறது, ஈரத்தை அல்ல. ஈரம் உழவரின் படுதாவுக்கு அடியிலிருந்து அரசின் அடுக்குக்கு இடம் பெயர்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14-க்குக் காயவைத்தால் எடை 91 கிலோ கூட நிற்காது. ஒன்பது கிலோவுக்கு மேல் ஆவியாகிவிடும். வரம்புக்குக் கீழே எவ்வளவு காய்ந்தாலும் கூடுதல் விலை இல்லை என்னும்போது, நன்றாகக் காயவைத்தவர் நஷ்டப்படுகிறார். நீருக்கும் சேர்த்து விலை கிடைக்கும் சந்தையில் வறண்ட தானியத்தை எதிர்பார்ப்பது பேராசை.

நெல்லுக்கு உமி ஒரு கவசம். மக்காச்சோளம், கடலை அளவுக்கு அது நஞ்சு ஏற்பதில்லை. ஆனால் தினமும் மூன்று வேளை உண்ணும் பொருளில் சிறு அளவும் கணக்கில் சேரும். ஈர நெல்லை அறுத்த 24 மணி நேரத்துக்குள் உலர்த்த ஆரம்பிக்க வேண்டும் என்பது பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. ஈர நெல் குவியல் தானும் மூச்சுவிடும். அதில் சூடும் நீராவியும் பிறக்கும். கையை உள்ளே விட்டால் சுடும் குவியலில் பூஞ்சை வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நடமாடும் உலர்த்திகளும், வட்டாரத்துக்கு ஒன்றாவது சூடுகாற்று உலர்த்தும் கூடமும் கேட்டு டெல்டாவில் குரல் எழுவதில் வியப்பில்லை. நெல் பதனிடும் ஆராய்ச்சிக்கென்றே டெல்டாவில் தொடங்கப்பட்ட நிறுவனம், இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அது அங்கே முளைத்ததற்கே மழையில் நனையும் இந்த நெல்தான் காரணம்.

காயவைத்தாயிற்று. அதோடு முடிந்ததா?

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வீடுகளில் குதிர், தொம்பை, பத்தாயம். இவற்றைப் புகழ்வது இப்போது ஒரு பாணியாகிவிட்டது. மண்ணும் மரமும் தடித்த சுவரும் வெளி வெப்பத்தை உள்ளே சட்டென்று விடாது. அந்த அளவில் அவை நல்ல அமைப்புகள். ஆனால் அவற்றின் வெற்றியில் பாதி, உள்ளே போனது தை மாத வெயிலில் கலகலவென்று காய்ந்த நெல் என்பதில் இருந்தது. வசம்பும் நொச்சி இலையும் வேப்பிலையும் பூச்சியை விரட்டலாம். ஈர நெல்லை அவை காயவைக்காது.

பூச்சியை விரட்டுவதும் சிறிய காரியமில்லை. வண்டு துளைத்த தானியத்தில் பூஞ்சை நேராக உள்ளே போகிறது. வண்டுகள் கூட்டமாக மூச்சுவிடும் இடத்தில் குவியல் சூடாகி, ஈரமாகி, காய்ந்த மூட்டைகளின் நடுவே ஒரு ஈரத் திட்டு உருவாகும். கிட்டங்கிகளில் பாஸ்பீன் புகை போடுவது பூச்சியைக் கொல்லும், பூஞ்சையை அசைக்காது. பெரிய தகரக் கொள்கலன்களில் வேறொரு தொல்லை. பகலில் சூடான தானியத்திலிருந்து எழும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த கூரையில் பட்டு, இட்லிப்பானை மூடியில் வேர்ப்பதுபோல் வேர்த்துக் கீழே சொட்டும். மேலடுக்கு மட்டும் கட்டிப்பிடித்துக் கறுத்துப்போன தானியத்தைத் திறப்பவர்கள் கூரை ஒழுகியதாக நினைப்பார்கள். சிமெண்டுத் தரையில் மூட்டையை நேராக அடுக்கினால் அடியிலிருந்தும் ஈரம் ஏறும். மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் விட்டு அடுக்குவது அதற்காகத்தான்.

ஆப்பிரிக்காவில் காராமணி உழவர்களுக்காகப் பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழு 1980-களில் கேமரூனில் உருவாக்கிய பை இங்கே பேசத் தக்கது. இரண்டு தடித்த பாலித்தீன் உறை, வெளியே ஒரு நெய்த சாக்கு. வாயை இறுகக் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் பூச்சிகளே ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டுச் செயலிழக்கும். காற்று இல்லாமல் பூஞ்சைக்கும் வளர்ச்சி இல்லை. வெளி ஈரமும் உள்ளே வராது. பிக்ஸ் பை என்ற பெயரில் அது பல நாடுகளில் விற்கிறது. ஒரு எச்சரிக்கையோடுதான் அதைப் பரிந்துரைக்க முடியும்: காற்றுப் புகாத பை ஈரத்தை உள்ளேயும் அடைத்துவைக்கும். சரியாகக் காயாத தானியத்தை அதில் கட்டினால் புளித்து நாறும்.

எல்லாம் செய்தும் சந்தைக்கு வரும் மூட்டையில் நஞ்சு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது தனிச் சிக்கல். நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் சுத்தமாக இருக்கும். சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். ஒரே பருப்பில் அதன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைகூட நஞ்சு அளக்கப்பட்டதுண்டு. அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரு பருப்பு, 30 கிலோவுக்கு மேல் சுத்தமான கடலையை இந்திய வரம்பான 15 மைக்ரோகிராமுக்குத் தள்ளப் போதும். மாதிரி எடுப்பவர் கையில் அந்தப் பருப்பு அகப்பட்டால் சரக்கு தள்ளுபடி, அகப்படாவிட்டால் தேர்ச்சி. நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்த வரம்பு 4 மைக்ரோகிராம் மட்டுமே என்று கறாராக நிற்கும் ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து இந்தியக் கடலை திரும்பி வருவதில் இந்தச் சூதாட்டமும் ஒரு பங்கு வகிக்கிறது.

அதே காரணத்தால்தான் பொறுக்குதல் பலன் தருகிறது. சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பூச்சி அரித்தது ஆகியவற்றைக் கையாலோ ஒளிக்கண் வைத்த இயந்திரத்தாலோ நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி அவற்றோடு போய்விடும். பொறுக்கியதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஊழல் ஆரம்பம். சொத்தைக் கடலை குப்பைக்குப் போக வேண்டும், செக்குக்குப் போகிறது. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கும், கொஞ்சம் எண்ணெயோடு இறங்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும். மரச்செக்கு எண்ணெயை வடிகட்டுகிறார்களே தவிர, சுத்திகரிப்பதில்லை. எனவே செக்கு எண்ணெயின் நல்லது கெட்டது முழுவதும் செக்கில் போட்ட கடலையைப் பொறுத்தது. மரபு என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவோர் இதைக் கேட்பதில்லை.

வயலிலேயே பூஞ்சையை மடக்கும் வழியும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் இனத்திலேயே நஞ்சு சுரக்கத் தெரியாத வகைகள் இயற்கையில் இருக்கின்றன. ஜப்பானியர் சோயா சாஸுக்குப் பழக்கி வைத்திருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே இதன் வீட்டு வளர்ப்பு உறவினன் என்றே கருதப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் பீட்டர் காட்டி, அரிசோனாப் பருத்தி வயல்களில் நஞ்சில்லா வகை ஒன்றைப் பரப்பிப் பார்த்தார். முதலில் இடம்பிடித்த நஞ்சில்லா வகை, நஞ்சு சுரக்கும் வகைக்கு இடம் விடவில்லை. பருத்திக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், பருத்திக்கொட்டை கறவை மாட்டுத் தீவனம். நைஜீரியாவில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ரணஜித் பந்தோபாத்யாய் குழு இதையே மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும் ‘அஃப்ளாசேஃப்’ ஆக்கியது. வறுத்துக் கொன்ற சோள மணியில் நஞ்சில்லா வித்தைப் பூசி, ஹெக்டேருக்குப் பத்து கிலோ, பூக்கும் முன் தூவுகிறார்கள். அந்தந்த நாட்டு மண்ணிலிருந்து எடுத்த வகையைத்தான் அந்தந்த நாட்டில் பயன்படுத்துகிறார்கள். அறுவடையில் நஞ்சு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. தூவிய வகை மணியோடு சேர்ந்து கிட்டங்கிக்கும் வருவதால் அங்கும் கொஞ்சம் காவல் நீடிக்கிறது. கடலைக்கு இது குறிப்பாகத் தேவை. காய் முற்றும் கடைசி வாரங்களில் மண் காய்ந்து வெடித்தால், செடியைப் பிடுங்கும் முன்பே பருப்பில் பூஞ்சை ஏறிவிடுகிறது. அப்புறம் களத்தில் எவ்வளவு வெயில் காட்டியும் ஏறியது இறங்காது. அந்த வாரங்களில் ஒரு தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்ச முடிந்தவர்களின் கடலை தப்பிக்கிறது.

ஈரமானி வாங்க முடியாத சிறு உழவருக்கும், வருடத் தானியத்தை மொத்தமாக வாங்கி வைக்கும் வீட்டுக்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நெல்லோ சோளமோ போட்டு, கட்டியில்லாத உலர்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி இறுக்கி ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால், உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்திருந்தால் அதற்குக் கீழே. கடலைக்கு இது உதவாது. எண்ணெய் வித்துகளுக்கு இந்த 15 என்ற கணக்கே பொருந்தாது. கடலைக்குக் காயைக் குலுக்கிப் பார்ப்பதும், தோலை விரலால் தேய்த்து எளிதில் உரிகிறதா என்று பார்ப்பதும்தான் களத்தில் நடக்கிற வழி.